வீணாய்ப் போன இரண்டு படங்கள்

அரைப் பரீட்சை லீவு நெருங்கியதும் நமது வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போகிறோம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "போன வருஷம் போனோமே, அதற்கு எவ்வளவு செலவாயிற்று?" என்பது. முதல் கேள்வியைக் குழந்தைகள் கேட்பார்கள். இரண்டாவதைக் குடும்பத் தலைவர் கேட்பார். இரண்டுக்கும் விடை காண்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

சென்ற டிசம்பரில் எங்கள் வீட்டிலும் இந்த விவாதம் நடந்தது. பிள்ளை கொடைக்கானல் என்றான். பெங்களூரில் படிக்கும் பெண் லீவுக்கு வந்திருந்தாள்; அவள் அதை ஆமோதித்தாள். என் மனைவி ஆட்சேபிக்கவில்லை. பிரேரணை ஏகமனதாக நிறைவேறும் தறுவாயில், மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அத்தை குறுக்கிட்டாள்.

"வருஷம் திரும்பவில்லை. மலை ஏறக் கூடாது" என்றாள்.

"அது மலைக் கோயிலுக்கல்லவா அத்தை? நாங்கள் ஊர் பார்க்கத்தானே போகிறோம்?" என்றேன்.

"கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் இல்லையா? கோயில் இருக்கிற மலை மலைதான்" என்றாள் அத்தை.

அதற்கு மேல் வாதிக்க யாருக்கும் மனம் வரவில்லை. வாதத்தில் தோற்றதனால் அன்று. "வருஷம்" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் என் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேயர்களே! சென்ற ஒரு வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த மாறுதல்கள் ஒரு சிறு ராஜ்யத்துக்குப் போதுமானவை. தை மாதத்தில் என் தாயார் காலமானார். ஆனியில், சேலையூரில் நாங்கள் நாற்பத்தைந்து வருஷம் குடியிருந்த வீட்டைக் கட்டடக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அடுத்த மாதம் அது தரைமட்டமாயிற்று. ஆவணியில் பெண் படிப்புக்காகப் பெங்களூர் போனாள். எண்பது வயதான என் தகப்பனார், விடிந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாசலில் நின்று பேப்பர்காரனுக்குக் காத்திருந்தே பழகியவர். இப்போது அவர் வாடகை வீடு ஒன்றின் மூன்றாம் மாடியில், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்போல் நடமாடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான். "உன் அம்மா இல்லாத வீடு எனக்கு எதற்கு?" என்று சொல்லித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் போட்ட நாளிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் காரியத்தன்று மாலை போடுவதற்கு ஒரு படம் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கைப்பேசிகள் நான்கு. என்னுடையதில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. இரவு முழுவதும் உட்கார்ந்து தேடினேன். மின்சாரக் கட்டண ரசீதுகள் இருந்தன. ஓட்டலில் பாதி தின்ற தோசை இருந்தது. "காலை வணக்கம்" என்று முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய ரோஜாப் பூக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அம்மாவும் இருந்தார்: பரிமாறிக்கொண்டிருக்கும் ஒரு கையாக, கரண்டியோடு படத்தின் ஓரத்தில், "வேண்டாமடா, தலைகூட வாரவில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பின்னலாக. நேராக ஒரு முகம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அவரைத் தனியாக வெட்டி எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளின் விரல் ஒன்று இன்றைக்கும் அவருடைய தோளின் மேல் இருக்கிறது.

அப்பா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அவள் மாதிரி இருக்கிறது" என்றார்.

வீட்டின் கதையும் அப்படித்தான். இடித்த பிறகு ஒரு நாள் என் பெண் பழைய வீட்டின் முகப்பைச் சித்திரமாக வரைய ஆசைப்பட்டாள். பார்த்து வரையப் படம் கேட்டாள். உதகமண்டலத்துத் தாவரத் தோட்டத்தின் படம் எங்களிடம் இருக்கிறது. மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில் ஆறு கோணங்களில் இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷம் குடியிருந்த வீட்டின் வாசலுக்கு ஒரு படம்கூட இல்லை! அது எங்கேயும் ஓடிப் போகாது என்ற நம்பிக்கை. கோபுரங்கள் ஆயிரம் வருஷம் நிற்கின்றன. அவற்றைத்தான் நாம் விழுந்து விழுந்து படம் பிடிக்கிறோம்.

மலைப் பயணம் ரத்தான அன்று மாலை, பிரிக்காமல் கிடந்த பெட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினோம். பாத்திரங்களுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் நடுவே அப்பாவின் பழைய யாஷிகா காமிரா அகப்பட்டது. ஒரு காலத்தில் குடும்பத்தில் அதற்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. பட்டுத் துணியில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில், சகல குழந்தைகளின் கைக்கும் எட்டாமல் வைத்திருந்தார்.

"வேலை செய்கிறதா, பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அதன் முதுகுக் கதவைத் திறந்தேன்.

நேயர்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இந்த இடத்தில் "ஐயையோ!" என்று கூவியிருப்பார்கள். மற்றவர்களுக்காக விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. பிலிம் என்பது வெள்ளி உப்புக்களைப் பசையில் கலந்து பூசிய ஒரு நாடா. வெளிச்சம் பட்டால் அந்த உப்பு மாறுதல் அடையும். ரசாயனத்தில் கழுவினால் மாறிய இடம் கறுக்கும். காமிரா தன் கண்ணைத் திறப்பது ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரந்தான். அந்த அளவு வெளிச்சம் பட்டால் படம். அதற்கு மேல் தாராளமாகப் பட்டால் பாழ். கதவைத் திறப்பதற்கு முன்னால், எத்தனையாவது படம் என்று காட்டும் சிறு எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது பால பாடம். நான் பார்க்கவில்லை. உள்ளே பிலிம் இருந்தது. கதவு திறந்ததும் அந்த எண்ணும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆகவே எத்தனை படங்களைக் கெடுத்தேன் என்ற கணக்குக்கூட மிஞ்சவில்லை.

படக்கென்று மூடினேன். ஆனால் அப்பா பார்த்துவிட்டார்.

"அதிலா இருந்தது அது?" என்று கேட்டார். பிறகு தமக்குத் தாமே பேசுவதுபோல் சொன்னார்: "அது கொடைக்கானல் போன பிலிம். ஏரிக்கரையில் உன் அம்மாவை மாத்திரம் தனியாக நிறுத்தி ஒன்று எடுத்தேன். அன்றைக்கு என்னவோ முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேராகப் பார்த்தாள்."

"ஏன் அப்பா, அப்போதே கழுவக் கொடுக்கவில்லையா?"

"இன்னும் பத்துப் பன்னிரண்டு படம் பாக்கி இருந்ததே! முழுதும் எடுக்காமல் கழுவக் கொடுப்பதாவது? நவராத்திரிக்கு எடுத்து முடித்துவிடலாம் என்று வைத்தேன். பிறகு பொங்கலுக்கு என்று வைத்தேன். அப்புறம் நீ அந்தப் புதுமாதிரிக் காமிராவை வாங்கி வந்தாய்."

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறு நாளே அந்தப் பிலிமை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு ஓடினேன். பிலிம் கழுவும் தொழில் அடியோடு அழிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அப்படியல்ல, சிலர் இன்னும் செய்கிறார்கள், அவர்களுள் பலர் மீசை முளைத்து அதிக நாளாகாத இளைஞர்கள்! நான் சென்ற இடத்தில் இருந்த பிள்ளை என் கதையைப் பொறுமையாகக் கேட்டான். "சுருளின் வெளிச் சுற்றுக்கள் போயிருக்கும், சார். உள் சுற்றில் ஏதாவது பிழைத்திருக்கலாம். பழைய பிலிம், வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு வாரம் ஆகும்" என்றான், ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுவதுபோல். திரும்பும்போது அவனிடமே புதிய பிலிம் சுருள் ஒன்றும் வாங்கினேன். விலையைக் கேட்டதும் உட்கார நாற்காலி தேடினேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பிலிமையும் நமது தேசத்திலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை நமக்கு ஒரு காலத்தில் இருந்தது. அதற்காக 1960-ல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்று அந்தப் பிலிமுக்குப் பெயர். இந்து என்றால் சந்திரன். நமது ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ எலும்புகள் அந்த நிலவொளியில்தான் டாக்டர்களுக்குத் தெரிந்தன. உலகமே பிலிமைக் கைவிட்டபோது அந்தச் சந்திரனும் தேய்ந்து மறைந்தது. இப்போது நான் வாங்கியது சீமைச் சரக்கு.

புதுச் சுருளில் முப்பத்தாறு படங்கள் உண்டு. குடும்பத்தில் ஐந்து பேர். ஆளுக்கு ஏழு, மீதி ஒன்று அப்பாவின் கணக்கில் என்று பெண் பங்கீடு செய்தாள். "என் பங்கையும் நீங்களே எடுங்கள்" என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். மலைக்குப் போவதில்லை, வெளியூருக்கும் போவதில்லை, தாம்பரத்தைச் சுற்றி நான்கு நாள் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். தெற்கேயிருந்து வருகிறவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கந்தான் வந்து இறங்குகிறார்கள். ஊரார் அனைவரும் வருகிற இடத்தை நாங்களும் ஒரு முறை பார்த்தால் என்ன?

முதல் நாள் தாம்பரம் ரயில் நிலையம். முப்பத்தைந்து வருஷம் அப்பா இங்கே வண்டியேறித்தான் கடற்கரை ஸ்டேஷனுக்கு அருகிலுள்ள ஆபீஸுக்குப் போய் வந்தார். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். தென்னிந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் ரயில் அதுதான். அந்த ரயிலினால்தான் குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரமும் சென்னை ஆபீஸ்காரர்களின் ஊர்கள் ஆயின. அப்பா ஏறியது மீட்டர்கேஜ் வண்டி. 2004-ல் அந்தக் குறுகிய பாதை கடைசியாக மூடப்பட்டது.

"அந்த வண்டி ஆடுமே, அதற்கு ஒரு தாளம் உண்டு. தூங்கிப் போனாலும் தாளம் மாறினால் பல்லாவரம் வந்துவிட்டதென்று விழித்துக்கொள்வேன்" என்றார் அப்பா. பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

என் பிள்ளை காமிராவைக் கண்ணில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கைப்பேசியாக இருந்தால் அதற்குள் ஐம்பது எடுத்திருப்பான். தன்னிடம் ஏழுதான் இருக்கிறது என்ற கவலை அவனைப் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா வண்டி வருகிற சப்தம் கேட்டால் இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்கிறார், அப்பா. கையில் கடிகாரமே இல்லை!" என்று என் காதில் சொன்னான். அந்தக் கை உயர்ந்த சமயத்தில்தான் படத்தை எடுத்தான். என் தகப்பனாரோடு ஐம்பது வருஷம் இருந்திருக்கிறேன். அதை நான் கவனித்ததில்லை.

இரண்டாம் நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் புறப்பட்டோம். அன்று செவ்வாய்க்கிழமை. மிருகங்களுக்கு வார விடுமுறை! சிரித்துக்கொண்டே திரும்பி, மறு நாள் போனோம். 1855-ல் எழும்பூர் மியூஸியத் தோட்டத்தில் பிறந்து, பிறகு நெடுங்காலம் ஸென்ட்ரல் ஸ்டேஷன் அருகே நெருக்கடியில் இருந்த மிருகங்கள், 1985-ல் இந்தக் காட்டுக்குக் குடி பெயர்ந்தன. அறுநூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடம். வீடு மாறிய பிறகு சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு என்று புலியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மனைவி புலியைப் படம் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு புலியை வாய் பிளந்து பார்த்த எங்கள் பிள்ளையைத்தான் எடுத்தாள். "புலியை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், இவன் அடுத்த வருஷம் இப்படி வாய் பிளப்பானா?" என்றாள்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கரணை. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் அகன்ற சாலை சதுப்பு நிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள். பெருங்குடிப் பக்கம் நகரத்தின் குப்பை மலை. நடுவில், மார்கழி மாதத் தண்ணீரில், தாழைக்கோழிகளும் கூழைக்கடாக்களும், வெகு தொலைவில் இளஞ்சிவப்புக் கோடு போட்டாற்போல் பூநாரைகளும் நின்றன. மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்கு அனுப்புவது இந்தச் சதுப்பின் தொழில். அதை மேடாக்கிக்கொண்டு வந்ததன் பலனை ஒவ்வொரு பெருமழையிலும் தென்சென்னை அனுபவிக்கிறது. மிஞ்சிய சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் சர்வதேச அந்தஸ்துக் கிடைத்தது.

பூநாரையைப் படம் எடுக்கப் போய் என் பெண் ஏமாந்தாள். எங்கள் காமிராவுக்குக் கிட்டப் பார்வை. பறவை நெல்மணி அளவுதான் தெரிந்தது. அவளுக்கு மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1912-ல் பிறந்து 1996 வரையில் வாழ்ந்தவர். பலவிதமான பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு காமிராவினால், நமது காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். "அவருக்கு யானை கிட்டே வந்திருக்கும்" என்றாள் பெண். "இல்லை, அவர் நகராமல் காத்திருக்கப் பழகியிருப்பார்" என்றார் அப்பா. அவள் பறவையை விட்டுவிட்டாள். தண்ணீர், அதன் விளிம்பில் குப்பை மலை, அதற்குப் பக்கத்தில் கண்ணாடி மாளிகை மூன்றும் விழும்படி ஒரு படம் எடுத்தாள். பின்னால் வருகிறவர்கள் பூநாரையைவிட இந்தப் படத்தைத்தான் தேடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கடைசி நாள் எங்கே போவது என்று நான் சொல்லவில்லை. அப்பாதான் சேலையூர் என்றார்.

பழைய வீடு இருந்த இடத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். உள்ளே பெரிய பள்ளம். பள்ளத்தில் இரும்புக் கம்பிகள். வாசல் வேப்ப மரத்தைக் காணோம். காமிராவில் கடைசியாக ஒரு படம் பாக்கி இருந்தது. அது அப்பாவின் கணக்கு. அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சாலைக்கு நடுவே போய், "எல்லாரும் அந்தத் தகரத்தின் முன்னால் நில்லுங்கள்" என்றார்.

"தகரத்தை எதற்கு அப்பா?" என்றேன்.

"இன்னும் ஆறு மாதத்தில் இதுவும் இருக்காதே" என்றார்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, பிலிம் கழுவும் பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. பழைய சுருளில் மொத்தம் இருபத்திரண்டு படங்கள் எடுக்கப்பட்டிருந்தனவாம். அவற்றுள் பதினெட்டு முழுவதும் போய்விட்டன. நான் கொடுத்த வெளிச்சத்தில் பிலிம் கறுத்துவிட்டது. ஏரிக்கரைப் படம் அந்தப் பதினெட்டில் ஒன்று. போனது போனதுதான், அதற்கு ஆறுதல் சொல்ல நான் முயலவில்லை. முதல் நான்கு படங்கள் மட்டும், சுருளின் உட்சுற்றில் பத்திரமாக இருந்ததனால், மங்கலாகப் பிழைத்தன. மூன்றாவதும் நான்காவதும் ரயிலடியில் எடுத்த மூட்டை முடிச்சுகள். முதல் இரண்டும் என்னவென்று அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. "தாத்தா எதையோ குறி தவறி எடுத்திருக்கிறார்" என்றான்.

குறி தவறவில்லை. பிலிம் சுருளைக் காமிராவில் மாட்டும்போது அதன் நுனியில் வெளிச்சம் பட்டிருக்கும். அந்தப் பகுதி நகர்ந்து போவதற்காக முதலில் இரண்டு முறை சும்மா 'கிளிக்' செய்ய வேண்டும். எண்ணிக்கையில் சேராத அந்த இரண்டையும் எல்லாரும் எதையாவது பார்த்துத் தட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். வீண் படங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். கொடைக்கானல் புறப்பட்ட அன்று விடியற்காலையில் என் தகப்பனார் அந்த இரண்டு வீண் படங்களையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தட்டியிருக்கிறார்.

ஒன்றில், கேட்டும், பேப்பர் செருகியிருக்கும் அதன் கம்பியும், வேப்ப மரத்தின் பாதியும். இன்னொன்றின் இடப்புறம் முழுவதும் தீப்பிடித்தாற்போல் வெளுத்திருக்கிறது. வலப்புறத்தில் ஒரு பெண்மணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து கோலம் போடுகிறாள். கையில் கோலமாவுக் கொட்டாங்கச்சி. யாரோ கூப்பிட்டாற்போல் தலையைச் சற்று நிமிர்த்தியிருக்கிறாள். முகத்தில் பாதி அந்த வெளுப்பில் கரைந்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலுக்கு உலகத்தில் உள்ள படங்கள் இந்த இரண்டுதாம். அம்மா ஊருக்குப் புறப்படும் அவசரத்திலும் கோலம் போடாமல் கிளம்பமாட்டார் என்பதற்குச் சாட்சியும் இதுதான்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "முகம் பாதி தெரியவில்லையே, அண்ணா" என்றாள்.

"எனக்குத் தெரிகிறது" என்றார் அப்பா. படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஆட்சியில் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை ராஜதானி சர்க்காரின் போட்டோகிராபராக இருந்தார். பிலிம் சுருள் பிறப்பதற்கு முந்திய காலம் அது. 1858-ல் அவர் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பாழடைந்து கிடந்த கோலத்தில் எடுத்தார். சில வருஷங்களுக்குப் பின் நேப்பியர் பிரபு கவர்னராக வந்து அதைச் செப்பனிட்டார். இன்று நாம் மதுரைக்குப் போனால் செப்பனிட்ட மகாலைத்தான் பார்க்கிறோம். முன்பு எப்படி இருந்தது என்று அறிய டிரைப்பின் படங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

நமது ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் போட்டோக் கலை கற்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது, மகாத்மாவின் வாழ்க்கையைப் படமாகத் தொகுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு லட்சம் மைல் அலைந்து, பல தேசங்களில் பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களையெல்லாம் தேடி, ஐம்பதினாயிரம் அடி சேர்த்து, 1940-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். அந்தத் துண்டுகளை எடுத்தவர்களுக்கு, பின்னால் ஒரு தமிழர் வந்து தேடப்போகிறார் என்று தெரியாது. யாரோ எடுத்தார்கள், யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள், அவர் தேடினார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் படம் இல்லை.

தேச சரித்திரத்துக்கு உள்ள இந்த விதி குடும்ப சரித்திரத்துக்கும் உண்டு. ஆகையால் நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு நீங்கள் காசிக்குப் போனாலும் சரி, காச்மீரத்துக்குப் போனாலும் சரி, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்னால் இரண்டு படங்களை வீணாக்குங்கள். ஒன்று உங்கள் வீட்டு வாசல், உள்ளது உள்ளபடி, செருப்புகள் சிதறிக் கிடக்கிறபடியே. மற்றொன்று, தலை வாரவில்லை என்று யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களோ அவர்கள், அவர்கள் வேலை செய்கிற இடத்தில். கைப்பேசியில் எடுத்தாலும் பாதகமில்லை. அந்த இரண்டை மட்டும் காகிதத்தில் அச்சடித்து, பின்புறத்தில் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பதினோராயிரத்தில் பதினோராயிரத்து ஒன்றாக அவற்றைப் புதைத்துவிடாதீர்கள். மற்றொரு எச்சரிக்கையும் உண்டு: பழைய காமிரா எதையும் திறப்பதற்கு முன்னால் அந்தச் சிறு எண்ணைப் பாருங்கள்.

தை மாதத்தில் வருஷத் திதி நடந்து முடிந்தது. அன்று மாலையே பிள்ளை மெதுவாகக் கொடைக்கானல் பேச்சை எடுத்தான். அத்தை இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"போகலாமே, பரீட்சை முடியட்டும்" என்றார் அவர். "காமிராவுக்குப் புதுச் சுருள் ஒன்று வாங்கிவிடு. முதல் இரண்டையும் நம் வாசலிலேயே தட்டிவிட்டுப் புறப்படலாம்."

எங்கள் வாசல் எது என்று நேயர்கள் கேட்கக் கூடும். வாடகை வீடுதான், மூன்றாம் மாடி, லிப்டுக்கு எதிர்த்த கதவு. அதை அவர் வாசல் என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.